பழைய செக்ரோலைப் பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துக் கோயிலை உடைக்கப் போகிறார்கள் என்ற செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கிடைக்கவில்லை என்ற செய்தியும் வருகிறது. இரண்டுக்கும் ஊர் கூடுகிறது, மனு போகிறது, ஒய்பி, அதாவது மக்கள் பிரதிநிதி, வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார். நல்லதுதான், நானும் போய் நின்றிருக்கிறேன். ஆனால் தோட்டத்து ஆபீசுக்கும் ரப்பர் காயவைக்கும் புகைவீட்டுக்கும் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கும் யாரும் கூடி நான் பார்த்ததில்லை. காலையில் மண்வாரி வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தரைமட்டம். வேடிக்கை பார்க்கக்கூட ஆள் இருக்காது.

நான் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செக்ரோல் கிராணியாக, அதாவது ஆட்களின் வருகையும் சம்பளமும் பதியும் புத்தகத்தை எழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். ஊரின் பெயர் 2007இல் மாறியது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். என் அம்மா அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். நான் ஆபீசில் சேர்ந்தபோது அவருக்கு இன்னும் சில வருட வேலை பாக்கி இருந்தது. அதனால் என் அம்மாவின் பெயருக்கு நேரே நானே பெரட்டு, அதாவது வருகைக் குறி, போட்டிருக்கிறேன். காய்ச்சல் என்று அவர் வேலைக்குப் போகாத நாளில் நானே சுழியும் போட்டிருக்கிறேன். அன்று இரவு வீட்டில் சோறு போடும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சுமத்ராவில் உள்ள ஓர் ஊர். என் மூத்த மாப்பிள்ளைக்கு ரயில் என்றால் உயிர். மகளுக்கு புக்கிட்திங்கியில் பூவேலைத் துணி வாங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு பயணம் என்றார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பாடாங்கில் இறங்கி, சித்திஞ்சாவ் லாவுக் மலை வளைவுகளில் லோரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, சோலோக் தாண்டி, ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டத்தில் சவாலுந்தோ வந்தது. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தில் ஊர். ஒரு காலத்தில் நிலக்கரி மட்டுமே அதன் பிழைப்பு. இப்போது சுரங்கம் ஓய்ந்துவிட்டது, ஊர் ஓயவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி கிரேவ் என்ற டச்சுப் பொறியாளர் 1868 வாக்கில் ஒம்பிலின் ஆற்றுப் பக்கம் நல்ல நிலக்கரி இருப்பதைக் கண்டு சொன்னார். 1872இல் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அந்தக் கரி வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கரி இருந்தது புக்கிட் பாரிசான் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், துறைமுகம் இந்தப் பக்கம். அதனால் மலை ஏறும் இடத்தில் பல் வைத்த தண்டவாளம் போட்டு, கடற்கரையில் இப்போது தெலுக் பாயூர் எனப்படும் துறைமுகத்தைக் கட்டி, 1894இல் சவாலுந்தோவரை ரயிலைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மொத்தம் சுமார் 155 கிலோமீட்டர் பாதை. மாப்பிள்ளையைக் கேட்டால் பல்சக்கரத்தைப் பற்றி மட்டும் ஒரு பொழுது பேசுவார். எனக்குத் தேவைப்பட்டது வேறு கேள்வி. இவ்வளவையும் செய்ய ஆள் எங்கிருந்து வந்தது?

அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான மினாங்கபாவ் மக்கள் வயலை விட்டுவிட்டுக் குழிக்குள் இறங்க எளிதில் சம்மதிக்கவில்லை. டச்சுக்காரர்கள் சிறைக் கதவைத் திறந்தார்கள். ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் கைதிகளைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு, சுரங்கத்தில் இறக்கினார்கள். அவர்களை ஓராங் ரந்தாய் என்கிறார்கள், சங்கிலி மனிதர்கள். பிறகு ஒப்பந்தக் கூலிகளும் வந்தார்கள். மலாயாவில் ரப்பருக்கு ஆள் வேண்டும் என்றபோது நம் பக்கம் கங்காணியைக் கையில் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். கணக்கு ஒன்றுதான், கணக்குப் பிள்ளை வேறு.

சவாலுந்தோவில் முதலில் பார்க்க வேண்டியது சுரங்கம் அல்ல, சமையற்கட்டு. கூடாங் ரன்சும் என்று பெயர். 1918இல் கட்டியது. சுரங்க ஆட்களுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் அங்கேதான் சமையல். நீராவியில் வேகவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பானைகள் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாயும் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். கையை நீட்டி அணைத்தாலும் பாதிதான் பிடிபடும். ஒரு நாளைக்கு 65 பிக்குல் அரிசி பொங்கியதாகக் கணக்கு. ஏறக்குறைய நான்கு டன். அன்னதானத்துக்குப் பத்து மூட்டை அரிசி என்றாலே கோயில் கமிட்டி இரண்டு கூட்டம் போடும். அங்கே அது தினசரி வேலை.

நான் அந்தப் பானைகளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றேன். மகள் கூப்பிட்டும் நகரவில்லை. காரணம், ஆபீசில் உட்கார்ந்து அரிசிக் கணக்கு எழுதியவர்களுக்கு அது வெறும் பாத்திரம் அல்ல. ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி, அதற்கு எவ்வளவு பிடித்தம், எத்தனை மணிக்கு உண்டு, எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு கம்பெனி தன் ஆட்களை எப்படி எடைபோட்டது என்று பார்க்க வேண்டுமானால் மேலாளர் வீட்டு ஊஞ்சலைப் பார்த்துப் பயனில்லை. அடுப்பைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டடம் சமையல் நின்ற பிறகு சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது, ஊழியர் குடியிருப்பாக இருந்திருக்கிறது. 2005இல்தான் அருங்காட்சியகமானது. நான் சொல்ல வருவதில் இது முக்கியம். யுனெஸ்கோ வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. ஊர் நிர்வாகம் 2001இலேயே, கரி குறைந்து வந்த காலத்தில், 2020க்குள் சுரங்கச் சுற்றுலா நகரமாவோம் என்று தீர்மானித்து விதியாக்கியது. சமையற்கட்டைத் துடைத்துத் திறந்தார்கள். அதே 2005இல் பழைய ரயில் நிலையத்தில் ரயில் அருங்காட்சியகம். சில வருடத்தில் சுரங்க வாய் ஒன்று. ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்க மரபுடைமை என்று யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது 2019இல். முதலில் வீட்டைப் பெருக்கினார்கள், பிறகு விருந்தாளி வந்தார்.

அந்தச் சமையற்கட்டில்தான் இன்னொன்றையும் வைத்திருக்கிறார்கள். சங்கிலி மனிதர்களின் கல்லறைக் கற்கள். கல்லில் எண் மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை.

ஆசிரியர் அவர்களே, நான் வேலை பார்த்த காலமெல்லாம் எண் எழுதியவள். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் செக்ரோல் நம்பர் உண்டு. சம்பள நாளில் நம்பரைத்தான் கூப்பிடுவோம், பெயரைக் கூப்பிட்டால் நான்கு முனியம்மாக்கள் எழுந்து வருவார்கள். ஆனால் எங்கள் புத்தகத்தில் நம்பருக்குப் பக்கத்தில் பெயர் இருந்தது. அந்தக் கல்லுக்கும் எங்கள் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கட்டம்தான். சவாலுந்தோவில் இன்று எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்தக் கற்களுக்குரிய பெயர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது லேசில்லை. நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் கிலோ கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

செக்ரோல் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அகலமான பெரிய புத்தகம். இடப்பக்கம் நம்பர், பெயர், வேலை வகை. வலப்பக்கம் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஆள் கணக்கு எடுத்துக்கொண்டு வந்து தருவார், நாங்கள் ஏற்றுவோம். முழு நாளா, அரை நாளா, மழையா, ஆஸ்பத்திரியா எல்லாம் கட்டத்துக்குள் வந்துவிடும். மத்தியானம் பால் கொட்டகையில் காண்டாக் கழியில் தூக்கிவந்த வாளியை இறக்கி நிறுத்ததும், மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்த்ததும், ஒட்டுப்பால் எடையும் தனிச் சிட்டையில் வந்து சேரும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, முன்பணம், கடைக் கடன், 1951க்குப் பிறகு சேமநிதி, பிடித்தம் போக மிச்சம் இவ்வளவு என்று சிவப்பு மையில் எழுதுவோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகை பக்கம் பக்கமாக இருக்கும். பால் பட்டுப் பட்டு ரேகையே தேய்ந்துபோன விரல்களும் உண்டு.

ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும், ஒரு லயத்தின், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், கதை தெரியும். பிரசவ விடுப்பு எடுத்த பெண் எத்தனை நாளில் மரத்தடிக்குத் திரும்பினாள்? எந்த வருடம் அடைமழையில் வேலை இல்லாமல் கிடந்தார்கள்? எப்போது மகன் பெயர் தகப்பன் பெயருக்குக் கீழே ஏறியது? அந்த மகனுக்கு அப்போது என்ன வயது? அந்தக் கடைசிக் கேள்வியைத் துரைமார் யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே? நான் இருந்த தோட்டம் கைமாறியபோது ஆபீசைக் காலி செய்தார்கள். அலமாரிகளை ஏலம் போட்டார்கள். அலமாரிக்குள் இருந்ததை வாசலில் குவித்தார்கள், பழைய பேப்பர் லோரி வந்து ஏற்றியது. கம்பெனியின் பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்தது. அப்போதைய பெரிய கிராணி நல்ல மனிதர். "வேணும்னா எடுத்துக்கம்மா, எரிக்கத்தானே போறாங்க" என்றார். கை கொண்ட மட்டும் எடுத்து வந்தேன். வீட்டில் எல்லாரும் கரையானை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

அவற்றால் பிரயோசனம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய ஓர் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். இந்த நாட்டிலேயே பிறந்தவர், இந்தத் தோட்டத்திலேயே வேலை செய்தவர். அதைச் சொல்வதற்கு அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. தோட்டமே இல்லை, யாரிடம் போய்க் கேட்பார்? பழைய செக்ரோலில் அவர் பெயரும், அதற்கு முன்பு அவருடைய தாயாரின் பெயரும் இருந்தன. நகல் எடுத்துக் கொடுத்தேன். மற்ற சான்றுகளோடு அதையும் சேர்த்து மனுப் போட்டார்கள். அதை நான் அருங்காட்சியகம் என்று நினைத்துப் பாதுகாக்கவில்லை. ஆனால் அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலை அதுதானே?

திரும்பச் சவாலுந்தோவுக்கு வருகிறேன். எம்பா சூரோ சுரங்கத்துக்குள் தலைக்கவசமும் பூட்சும் போட்டு இறக்கினார்கள். 1898இல் தோண்டியது. தண்ணீர் ஊறி ஊறி வேலையை நிறுத்தி மூடிய இடம், பிறகு சுற்றுலாவுக்காகத் திறந்திருக்கிறார்கள். சுவரைத் தொட்டால் விரலில் கரி. என் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஏற்றதல்ல, ஆனால் எப்படியோ இறங்கி ஏறிவிட்டேன். சூரோ என்பவர் ஜாவாவிலிருந்து வந்த மண்டோராம். சுரங்கத்துக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. தோண்டியவன் பெயர் நிற்கவில்லை, மேய்த்தவன் பெயர் நிற்கிறது. இதில் அந்த ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் தோட்டங்களிலும் இன்றுவரை சாலைக்கும் லயத்துக்கும் மண்டோர் பெயரும் கங்காணி பெயரும்தான்.

ரயில் நிலையத்தில் மாக் ஈத்தாம் என்ற கறுப்பு நீராவி இன்ஜின். நாங்கள் போன அன்று அது ஓடவில்லை, மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். எனக்குப் பிடித்தது பெரிய பள்ளிவாசல். 1894இல் கட்டிய மின் நிலையம் அது. வேலை நின்ற பிறகு தொழுகைக்கு எடுத்துக்கொண்டார்கள், உயர்ந்த புகைபோக்கி அப்படியே மினாராவாகிவிட்டது. இடிக்கவும் இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் இல்லை. ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற ஆகச் சிறந்த வழி அதில் ஜனங்களை விடுவதுதான். வரும் வழியில் சிலுங்காங்கில் சொங்கெட் என்ற ஜரிகைத் துணி வாங்கினோம். 1927 பிறந்த நேரத்தில் டச்சு ஆட்சியை எதிர்த்து எழுந்த ஊர் அது. துணிக்கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை.

இனி நம் ஊர் விஷயம். நிலக்கரிச் சுரங்கம் பார்க்கச் சுமத்ரா போக வேண்டியதே இல்லை. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் பத்து ஆராங். அங்கே 1908இல் நிலக்கரி கண்டுபிடித்தார்கள். மலாயன் காலியரிஸ் கம்பெனி 1915 முதல் வெட்டி எடுத்தது. நம் நாட்டு ரயில்கள் பல காலம் ஓடியது அந்தக் கரியில். பங்சார் மின் நிலையம் எரித்தது அந்தக் கரியை. கூவாங்கிலிருந்து தனியே ஒரு ரயில் பாதை போனது. செங்கல் சூளையும் மரப்பலகைத் தொழிற்சாலையும்கூட அந்தக் கம்பெனி நடத்தியது. 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், போலீஸ் படை போய்த்தான் மீட்டது. தொழிலாளர்களில் சீனர்களே அதிகம், நம்மவர்களும் இருந்தார்கள். ரயிலும் மின் நிலையமும் எண்ணெய்க்கு மாறின, 1960இல் சுரங்கத்தை மூடினார்கள்.

இப்போது போனால் புகைபோக்கி நிற்கிறது. கொடி படர்ந்த சுவர்கள் நிற்கின்றன. வெட்டிய குழிகளில் தண்ணீர் தேங்கி ஏரியாகியிருக்கிறது, மீன் பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஊர்க்காரர்கள் சிலர் அக்கறையோடு வழிகாட்டுகிறார்கள். கொம்பாக் உலு லங்காட் நில மரபுப் பூங்காவில் (ஜியோபார்க்) பத்து ஆராங்கும் சேர்ந்திருக்கிறது, அது நல்ல தொடக்கம். நம் தமிழ்ப்பள்ளிகள் வருடா வருடம் பிள்ளைகளை விலங்குத் தோட்டத்துக்கும் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் அழைத்துப் போகின்றன. சிலாங்கூர்ப் பள்ளிகளாவது ஒரு முறை பத்து ஆராங் பக்கம் பேருந்தைத் திருப்பலாம். தலைமையாசிரியர்களுக்கு இது என் விண்ணப்பம். தொப்பியும் தண்ணீரும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள், நிழல் குறைவு.

எங்கள் ஊருக்கென்றும் சொல்ல நிறைய இருக்கிறது. மலாயாவில் வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல் இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில். இன்று நாடு முழுவதும் பச்சையாகத் தெரிகிறதே, அதற்கெல்லாம் தொடக்கம் எங்கள் பக்கத்து மண். வெளியூர்க்காரர் ஒருவரிடம் சொன்னேன், நம்பவில்லை. நம்ப வைக்க ஒரு பலகைகூட இல்லை என்பது அவர் குற்றமா? ஈயம் எடுத்த ஊரும் இதுதான். பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக் கப்பலை, அதாவது ஈயம் தோண்டும் மிதவை இயந்திரத்தை, இன்று டிக்கெட் வாங்கி ஏறிப் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் ஓடிய கப்பல்களை இனி ஏறிப் பார்க்க முடியாது. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தியில் அருங்காட்சியகம் இருக்கிறது, டச்சுக்காரர்களோடு சுல்தான் இப்ராகிம் போர் செய்த கதையைச் சொல்கிறது. சொல்ல வேண்டிய கதை அது. நம் கதையையும் அவர்களே எழுதவில்லையே என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. கொடுக்க நம்மிடம் என்ன தயாராக இருக்கிறது?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு புகைவீடு இன்னும் நிற்கிறது. எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் அடுத்த வாரமே மண்வாரி வரக்கூடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உரமூட்டை போடும் கிடங்காக இருந்தது. பலகைச் சுவரில் இன்னும் புகைக் கறை. உள்ளே மூங்கில் கழிகளை நிறுத்தும் சட்டம் அப்படியே. பாலில் பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் விட்டு, வரி வரியாக ஷீட் எடுத்து, கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நான்கைந்து நாள் புகை காட்டுவார்கள். வெள்ளையாகப் போனது தேன் நிறத்தில் வெளியே வரும். இரவில் விறகு தள்ளக் கண்விழித்த ஆட்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

துரை பங்களாக்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவை தாமாகவே பிழைத்துக்கொள்ளும். நல்ல மரம், பெரிய தோட்டம், மேட்டில் காற்று. யாராவது வாங்கித் தங்கும் விடுதியாக்கிவிடுவார்கள். பிழைக்கத் தெரியாதவை புகைவீடும் லயமும்தான்.

2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யாரும் ஓர் இடத்தைப் பரிந்துரைக்கலாம். பெரிய சங்கமோ கட்சியோ வேண்டியதில்லை. எங்கள் ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து மனு எழுதத் தொடங்கியிருக்கிறோம். அதன் முடிவு எப்போது வரும் என்பது வேறு கதை. அதுவரை இந்தப் புத்தகங்களை வைக்கக் கோயில் மண்டபத்தின் பின் அறையில் ஓர் இரும்பு அலமாரி கேட்டு வாங்கியிருக்கிறோம். கமிட்டியில் ஒருவர், "சாமி இருக்கிற இடத்துல கள்ளுக்கடைக் கணக்கெல்லாம் எதுக்கு?" என்றார். அந்தக் கணக்கும் வேண்டும் என்பது என் கட்சி. சம்பளம் ஒரு கையில் கொடுத்துக் கள்ளுக்கடையில் இன்னொரு கையால் வாங்கியதை மறைத்துவிட்டு என்ன வரலாறு எழுதுவது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது கள்ளுக்கடையை மூடு என்பது ஒரு கோரிக்கை. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கொடு என்பது இன்னொன்று. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பதும் அதில் இருந்தது. ஆமாம், கிராணியும்தான். அதையும் பலகையில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், எங்கள் கிராணி இனத்துக்குக் கொஞ்சம் கூச்சம் வரட்டும்.

ஒரே ஒரு கெஞ்சல். பால் வாளி தூக்கிய பெண்ணைப் பிளாஸ்டரில் செய்து வாசலில் நிறுத்தாதீர்கள். எல்லா இடத்திலும் அந்தப் பொம்மை சிரித்துக்கொண்டே நிற்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு, கொசுக் கடியில் மரத்துக்கு மரம் ஓடியவர்கள் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பொம்மைக்கு ஆகும் செலவில் இருபது செக்ரோலுக்கு நல்ல அட்டை போடலாம். சவாலுந்தோ சமையற்கட்டில் எனக்குப் பிடித்தது அதுதான், பானையைப் பானையாகவே விட்டிருந்தார்கள்.

உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். பழைய தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டாளர்கள், பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி. செக்ரோல், சம்பளச் சிட்டை, ஆயாக் கொட்டகைப் பதிவு, டிஸ்பென்சரிப் புத்தகம், தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால் எடை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெயிலில் நேரே காயப் போட வேண்டாம், தாள் நொறுங்கிவிடும். காற்றாட நிழலில் விரித்து, பூச்சி தட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளேயே பூசணம் பிடிக்கும். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். சொந்த விவரங்கள் இருப்பதால் எல்லாவற்றையும் எல்லார் கண்ணிலும் காட்டப் போவதில்லை. குடும்பத்தார் வந்து கேட்டால் அவர்கள் பக்கத்தைப் பார்க்கலாம். எங்களால் காக்க முடியாத அளவுக்குச் சேர்ந்தால் தேசிய ஆவணக் காப்பகத்திடம் பேசுவோம்.

கிலோவுக்கு எவ்வளவு தருகிறார்களோ அதைவிடக் கொஞ்சம் கூடவே தருகிறோம். என் தம்பி மகனிடம் லோரி இருக்கிறது, கோலசிலாங்கூர், ராவாங், தஞ்சோங் காராங் வரை வந்து ஏற்றிக்கொள்வான். நாளிதழ் அலுவலகத்துக்கு எழுதினால் கடிதம் எனக்கு வந்து சேரும்படி ஆசிரியர் உதவ வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் செக்ரோல் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.